காஸ்பாரேவுக்கு ஊர் காட்டிய கதை

வெறும் வயிற்றோடு யாரையும் நான் கலை பார்க்க அழைத்துப் போவதில்லை, மேடம். பசியோடு வருகிறவர்கள் ஓவியத்துக்கு முன்னால் நின்றுகொண்டு கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அதனால் என் சுற்று எப்போதும் பல்லரோ சந்தையில்தான் தொடங்கும். கடலைமாவில் பொரித்த பனெல்லேயை எள் தூவிய ரொட்டிக்குள் வைத்து ஒன்று, கூடவே ஒரு குவளை ரத்த ஆரஞ்சுச் சாறு. அதற்குப் பிறகுதான் தேவாலயம். அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் தொடங்கினேன். காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது என் மனதில் எந்தத் திட்டமும் இல்லை. அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் வடக்கே பெர்கமோக்காரர் என்று வெளியே நிற்கும் போலீஸ்காரர் சொன்னார். அதனால் எங்கள் பலேர்மோவின் சில விஷயங்களை விளக்கிச் சொல்லுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள், தொழில் புத்தி.

பிராஸ் என்ற குடும்பப் பெயரில் ஓர் ஆள் பதிவு செய்திருந்தார். ஒரு நாள், கலையும் சாப்பாடும், வழிகாட்டியாக ஒலிவாதான் வேண்டும் என்று குறிப்பாகக் கேட்டிருந்தார். டூரினிலிருந்து வந்தவர். நாற்பது தாண்டியிருக்கும், முன்வழுக்கை, எங்கள் ஏப்ரல் வெயிலுக்குப் பொருந்தாத கனமான கோட்டு. மரியாதையான மனிதர். அதைச் சொல்லாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

"ஏங்க, இவ்வளவு கத்திக்கிட்டே எப்படி வியாபாரம் பண்றாங்க?" என்று கேட்டார்.

"கத்தலேன்னா சரக்கு பழசுன்னு ஜனங்க நினைச்சுப்பாங்க," என்றேன். எல்லோரிடமும் சொல்லும் பதில். எல்லோரும் சிரிக்கிற இடத்தில் அவரும் சிரித்தார். ஆரஞ்சுச் சாற்றை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "இன்னொண்ணு கிடைக்குமா? எங்க ஊர்ல இதை டப்பாவுலதான் பாத்திருக்கேன்," என்றார். அதன் பிறகு வழியெல்லாம் சாற்று வண்டியைக் கண்ட இடத்தில் நின்றார்.

ஒரு காய்கறிக் கடையில் ஃபாவா அவரைக்காய் மலையாகக் குவிந்திருந்தது. மேலே எச்சரிக்கைப் பலகை: 'இங்கே பச்சை ஃபாவா விற்கப்படுகிறது.' அவர் அதை வாய்விட்டுப் படித்தார்.

"அவரைக்காய்க்குப் போயி எதுக்குங்க எச்சரிக்கை?"

"சிலருக்கு ஒத்துக்காது," என்றேன். அவர் அடுத்த கடையின் கத்திமீன் தலையைப் படம் எடுக்கப் போய்விட்டார். பார்த்தீர்களா, அப்போது நான் உண்மையைத்தான் சொன்னேன்.

அந்தச் சிலரில் என் அப்பாவும் ஒருவர். சிலருடைய ரத்தம் ஃபாவாவைத் தாங்காது. சாப்பிட்டால் ரத்தம் உள்ளுக்குள்ளேயே உடையும், ஆள் மஞ்சளாகிப் போவார், சிறுநீர் கரும்பழுப்பாக, மர்சாலா ஒயின் நிறத்தில் போகும். அப்பா சின்னப் பையனாக இருந்தபோது யார் வீட்டிலோ தின்றுவிட்டு வந்து, அவருடைய அம்மா அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் ஃபாவா வாசலைத் தாண்டியதில்லை. ஏப்ரல் மாதத்தில் அப்பா காய்கறிக் கடைக்கு எதிர்ப்பக்கமாகவே நடப்பார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பேன். இது அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அப்பாவும் என்னிடம் அப்படித்தான் சொன்னார்: "உனக்கென்னடி பயம், நீ பொட்டப் புள்ள."

சந்தைக்குப் பிறகு சாந்துச் சிற்பங்கள் இருக்கும் சின்ன ஜெபக்கூடத்துக்குப் போனோம். வெள்ளைவெளேரென்று சாந்துக் குழந்தைகள் சுவரெல்லாம் ஏறி விளையாடும். அங்கே உட்கார்ந்துகொண்டு, "உங்க அப்பா இருக்காருங்களா?" என்று கேட்டார்.

"போன நவம்பர்ல போயிட்டார்."

அவர் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "ரொம்ப நாள் படுத்திருந்தாரா?" என்றார். வடக்கத்திக்காரர்கள் இப்படி விசாரிப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா பக்கவாதத்தில் விழுந்து வருடக்கணக்காகக் கிடந்தார். நான்தான் பார்த்தேன். சோறு ஊட்டினேன், துணி மாற்றினேன், கல்யாணம் பேசி வந்தவரை வாசலோடு அனுப்பினேன். கடைசி மாதங்களில் அவருக்கு என் பெயர் மறந்துவிட்டது. "காஸ்பாரே, காஸ்பாரே" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். காஸ்பாரே என்பது என் தாத்தாவின் பெயர். "தாத்தா மேல போயிட்டார்ப்பா, தூங்குங்க," என்று சொல்லி நெற்றியைத் தடவிக் கொடுப்பேன். எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

நண்பகலுக்கு முன் அருங்காட்சியகம். அங்கே மரணத்தின் பெரிய சுவரோவியம் ஒன்று இருக்கிறது, நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். மரணம் எலும்புக் குதிரையில் ஏறி வந்து, பட்டாடை உடுத்தியவர்கள் மேல் அம்பு விடும். இடது பக்கம் ஏழைகளும் நோயாளிகளும் கைகூப்பி, எங்களை எடுத்துக்கொள் என்று கெஞ்சுவார்கள். மரணம் அவர்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. அப்பா படுத்திருந்த வருடங்களில் அந்த இடது பக்கத்தைப் பற்றி நான் நன்றாகவே விளக்குவேன். வருகிறவர்கள் கண் கலங்குவார்கள்.

"அந்தக் கூட்டத்துல ஒருத்தன் மட்டும் நம்மளையே பாக்குறானே," என்றார்.

"அது வரைஞ்சவன். கையில தூரிகை இருக்கு பாருங்க."

அவர் பார்க்கவில்லை. பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். தொழிற்சாலைச் சீருடையில் ஓர் இளைஞர், கையில் ஒரு குழந்தை. இளைஞரின் முகம் வெயிலில் பாதி மறைந்திருந்தது. அப்பாவாக இருக்கலாம், நான் சின்னவளாக இருந்தபோது அவரும் அங்கே வேலைக்குப் போனவர்தான். அந்தக் காலத்தில் டூரினுக்குக் கார் தொழிற்சாலை வேலைக்குப் போன எவராகவும் இருக்கலாம்.

"இந்தக் குழந்தை நான்தாங்க. அம்மா செத்தப்போ எனக்கு விவரம் தெரியாத வயசு. வளர்த்த சித்தி போன வருஷம்தான் வாயைத் திறந்தாங்க. பலேர்மோக்காரர், பேரு வீட்டோ, ஊர்ல ஒலிவான்னு ஒரு பொண்ணு இருக்குன்னு. எனக்கு எதுவும் வேண்டாம். வீடு, வாசல் எதுவும் கேக்க வரல. உங்களைப் பாக்கணும்னு தோணுச்சு. முதல்லயே சொன்னா கதவைச் சாத்திடுவீங்கன்னுதான் டூர் புக் பண்ணேன்." பிறகு கேட்டார்: "அக்கான்னு கூப்பிடலாமா?"

"உங்க பேர் என்ன?" என்றேன். பதிவில் பிராஸுக்கு முன்னால் ஓர் எழுத்து மட்டும்தான் இருந்தது.

"காஸ்பாரே."

மேடம், எங்களிடம் முதல் மகனுக்குத் தாத்தாவின் பெயர் வைக்க வேண்டும். முதல் மகளுக்குப் பாட்டியின் பெயர். எனக்கு வைத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் காஸ்பாரே என்ற பெயர் காலி நாற்காலி மாதிரி கிடந்தது. ஒவ்வொரு ஈஸ்டர் விருந்திலும் சித்தப்பாக்கள் என் அம்மாவின் வயிற்றைப் பார்த்துக் கேட்பார்கள்: "என்ன அண்ணி, காஸ்பாரே எப்போ வர்றான்?" அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். அம்மா சமையலறைக்குள் போய்விடுவாள். மாமனாருக்கு ஒரு பேரனைப் பெற்றுத் தர முடியாத பாவி என்று தன்னைத் திட்டிக்கொண்டே அவள் செத்துப்போனாள். அந்த விருந்துகளில் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அந்தப் பெயரை ஏற்கெனவே டூரினில் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார் என்றால் அதற்கு என்ன பெயர்? தோன்றியபடி வைப்பதில்லை இந்தப் பெயரை. இவன்தான் என் முதல் மகன் என்று ஊரறியச் சொல்வதற்கு வைப்பது.

எனக்குக் கோபம் வந்தது. அது இன்னும் இறங்கவில்லை. உங்களோடு இப்படி உட்கார்ந்து பேசும்போதும் உள்ளங்கை கொதிக்கிறது. செத்தவரிடம் சண்டை போட முடியாது. அவர் கல்லறைக்கு நான்தான் பூ வாங்கிக்கொண்டு போகிறேன்.

ஆனாலும் நான் நியாயமானவள். படத்தில் முகம் தெளிவாக இல்லை, அப்பாவின் வீட்டோ என்ற பெயர் தெருவுக்குப் பத்துப் பேருக்கு உண்டு. வந்தவர் பொய்யராக இருக்கலாம், தவறாகப் புரிந்துகொண்டவராகவும் இருக்கலாம். அப்பா மகன்தான் என்றால் அப்பாவின் ரத்தம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு தட்டு ஃபாவா அவரை என்ன செய்யும்? வயிறு நிறையும், அவ்வளவுதான்.

"சாப்பாட்டு நேரம் ஆச்சு," என்றேன். "வாங்க, இந்த மாசம் மட்டும் கிடைக்கிற ஒண்ணு சாப்பிடலாம்."

சந்தைக்குப் பின்னால் இருக்கும் நோஃப்ரியோ கடையில்தான் நான் எப்போதும் சாப்பிட வைப்பது. ஏப்ரலில் அங்கே ஃப்ரித்தெட்டா போடுவான். பிஞ்சு ஆர்ட்டிசோக், பச்சைப் பட்டாணி, பச்சை ஃபாவா, மூன்றையும் வெங்காயத்தோடு மெல்ல வேகவைத்து, கடைசியில் கொஞ்சம் வினிகரும் சர்க்கரையும் சேர்ப்பான். அதை மேசையில் வைப்பதற்கு முன் புது முகத்திடம் ஒரு கேள்வி கேட்பது எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக்கடை வழக்கம். நோஃப்ரியோ தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்.

"என்ன ஒலிவா, தம்பிக்கு ஃபாவா ஒத்துக்குமா?"

எங்கள் ஊரில் வயதில் சின்னவர் யாரையும் அப்படித்தான் சொல்லுவோம், அவன் வேறு எதையும் நினைத்துச் சொல்லவில்லை. அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"வடக்கத்தி வயிறுடா அது. கல்லைப் போட்டாலும் செரிச்சிடும். வை."

நோஃப்ரியோ உங்களிடம் சொன்னது சரிதான். அவன் பொய் சொல்ல மாட்டான்.

அவர் ரசித்துச் சாப்பிட்டார். "என்னக்கா இது, இவ்வளவு இனிப்பா இருக்கு," என்றார். நானும் அதே தட்டிலிருந்து நாலு கரண்டி எடுத்துக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவை. நல்ல ருசிதான். அவருக்கு இரண்டாவது தட்டு நான்தான் வரவழைத்தேன். சோதனை என்றால் ஒரு தட்டு போதாதா என்று கேட்டீர்கள். விருந்தாளிக்கு ஒரு தடவை மட்டும் பரிமாறிவிட்டு நிறுத்துவது எங்கள் பழக்கமில்லை, மேடம்.

மதியத்துக்கு மேல் பேராலயம் பார்த்தோம், கஸ்ஸாத்தா கேக் சாப்பிட்டோம், கடற்கரையில் நடந்தோம். அவர் ஓயாமல் அப்பாவைப் பற்றிக் கேட்டார். அப்பா பாடுவாரா, கோபக்காரரா, எந்தக் கையால் எழுதுவார். நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். மாலையில் ஹோட்டலுக்குப் போகிறேன் என்றார்.

"ஹோட்டல் எதுக்குங்க? அப்பா கட்டில் சும்மாதான் கிடக்கு."

அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாருங்கள், அழைத்தது நான். வீட்டில் ஓர் ஆரஞ்சை எடுத்து, தோல் அறுபடாமல் ஒரே சுருளாக உரித்து மேசை மேல் வைத்தார். அப்பாவும் அப்படித்தான் உரிப்பார். ஆனால் அப்படி உரிக்கிறவர்கள் எங்கள் தீவில் ஆயிரம் பேர் இருப்பார்கள், நான் அவசரப்படவில்லை.

ஞாயிறு காலை எனக்கும் உடம்பு அடித்துப் போட்டது போலத்தான் இருந்தது. நடந்த களைப்பு என்று காபி போட்டேன். அவர் எழுந்து வர நேரமாயிற்று. முகம் வெளுத்திருந்தது, இடுப்பு வலிக்கிறது என்றார். பாத்ரூமிலிருந்து வெளியே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. ஒண்ணுக்குப் போனா கறுப்பா, ஒயின் மாதிரி போகுது."

மர்சாலா. அப்பா சொன்ன அதே நிறம்.

இனி அவனை அவன் என்றே சொல்லுகிறேன், மேடம். தம்பியை யாரும் அவர் என்று சொல்வதில்லை. அவனிடமும் அந்த நிமிடத்திலிருந்துதான் நான் நீ என்று பேசினேன்.

"ஒண்ணுமில்லடா," என்றேன். "ரத்த ஆரஞ்சு. நேத்து வண்டி வண்டியா குடிச்சியே, அந்தக் கலர்தான். இங்க வர்ற எல்லாருக்கும் இப்படி ஆகும். போய்ப் படு."

அவன் சிரித்தான். "பயந்தே போயிட்டேன்கா," என்று சொல்லிவிட்டு அப்பாவின் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டான். நான் முதல் தடவையாக 'டா' போட்டதில் அவனுக்குச் சந்தோஷம். அது நன்றாகவே தெரிந்தது.

ஆம்புலன்ஸை ஏன் கூப்பிடவில்லை என்று நீங்கள் மூன்று விதமாகக் கேட்டுவிட்டீர்கள். ஒரே விதமாகப் பதில் சொல்லுகிறேன். பொய்யன் என்று தெரிந்திருந்தால் காபி கொடுத்து ரயிலேற்றிவிட்டிருப்பேன். அவன் என் தம்பி என்று நிச்சயமாகிவிட்டது. அம்மா சமையலறையில் நின்று அழுத ஈஸ்டர்கள் அத்தனைக்கும் காரணமானவன் அந்தக் கட்டிலில், நான் வருடக்கணக்காக விரிப்பு மாற்றிய கட்டிலில், சிரித்துக்கொண்டு படுத்திருந்தான். நெற்றியைத் தடவிக் கொடுத்தவளின் பெயர் மறந்துபோய், பெயர் மட்டுமே கொடுக்கப்பட்ட இவனை அப்பா கூப்பிட்டிருக்கிறார். நான் ஜன்னல் கதவுகளைச் சாத்தினேன். வெளியே சிரோக்கோ அடிக்கிறது, ஆப்பிரிக்கக் காற்று, அதுதான் தலை சுற்றுகிறது என்றேன். காற்று உண்மையிலேயே அடித்தது. அவன் கைபேசியைச் சார்ஜ் போடுகிறேன் என்று சமையலறைக்கு எடுத்துப் போனேன்.

சாயங்காலம் கண்ணெல்லாம் மஞ்சளாகிவிட்டது. "டாக்டர் யாராச்சும் பாத்தா தேவலைக்கா," என்றான். போன் பண்ணிவிட்டேன், வருவார் என்றேன். எலுமிச்சைச் சாறு கொடுத்தேன். தலையணையை உயர்த்தி வைத்தேன். நோயாளியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அவன் கேட்டதையெல்லாம் சொன்னேன். ஏப்ரலில் அப்பா தெருவின் எதிர்ப்பக்கமாக நடப்பார் என்பதைக்கூடச் சொன்னேன்.

"ஏன்கா?" என்றான்.

"ஃபாவா அவருக்கு ஆகாது."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஓவியத்துக்காரன் பார்க்கிற மாதிரிதான். புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. கத்தவில்லை. "அக்கா, போன் குடுங்க," என்றான். "தூங்குடா," என்றேன். அதற்குப் பிறகு அவன் பேசியது தெளிவாக இல்லை. திங்கட்கிழமை சந்தை இரைச்சல் தொடங்கியபோது அவன் மூச்சு நின்றிருந்தது. நான்தான் அவசர எண்ணுக்குப் போன் செய்தேன். வந்தவர்களுக்குக் காபி வேண்டுமா என்று கேட்டேன்.

உங்கள் பிரேதப் பரிசோதனை டாக்டர் நேற்று என்னிடம் வந்து ஒரு பாடம் நடத்தினார். இளைஞர், நன்றாகப் பேசுகிறார். இது அப்பனிடமிருந்து மகனுக்குப் போகவே போகாதாம். ஆண்பிள்ளைக்குத் தாயிடமிருந்துதான் வருமாம். பிராஸ் என்பது அவன் அம்மா வழியில் வந்த சார்தீனியாப் பெயர், அங்கே இது வீட்டுக்கு வீடு உண்டு, அவனுக்கு அவன் அம்மா கொடுத்ததுதான், அவன் யார் மகன் என்பதை ஃபாவா சொல்லாது என்றார். இதே குறை உள்ள அப்பனிடமிருந்து தவறாமல் வாங்கிக்கொள்வது மகள்கள்தானாம். என் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தாராம். எனக்கு இருக்கிறதாம், பாதியளவுக்கு. ஞாயிற்றுக்கிழமைக் களைப்பு நடந்ததால் வந்ததில்லையாம். அப்பாவிடமிருந்து உங்களுக்குத்தான் வந்திருக்கிறது, அம்மா, என்று ஏதோ பரிசு கொடுக்கிற மாதிரி சொன்னார். எங்கள் தெருவில் பரம்பரை பரம்பரையாகத் தெரிந்த விஷயம் அந்தப் பையனுக்குத் தெரியவில்லை. நான் வாதாடவில்லை.

இப்போது நீங்கள், ஆய்வுக்கூடத்திலிருந்து தகவல் வந்துவிட்டது என்கிறீர்கள். என் எச்சிலையும் அவன் ரத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டார்கள், இனிச் சந்தேகத்துக்கு இடமில்லை, சொல்லட்டுமா என்று கேட்கிறீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தால் பரிதாபப்படுவது மாதிரி இருக்கிறது. வேண்டாம், மேடம். நான் செய்தேன் என்று ஒத்துக்கொண்டேன், சாப்பிட வைத்தேன், பொய் சொன்னேன், போனை எடுத்து வைத்தேன், சாகிறான் என்று தெரிந்துதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். அதை மட்டும் சொல்லாதீர்கள். எனக்குத் தெரியும். அவன் என் தம்பிதான். முன்பின் தெரியாத ஓர் ஆளுக்குப் போய் நான் இப்படியெல்லாம் செய்வேனா?